கரிசல் ருசிக்கு ஒரு முகவரி

உணவைப் பற்றி எழுதவும் படம் பிடிக்கவும் வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். இத்தனை கூட்டத்தில் தனக்கென்று ஓர் இடம் பிடிப்பது எப்படி என்பதுதான் அவர்கள் எல்லாருக்கும் உள்ள கேள்வி. கோவில்பட்டிச் சீமை அதற்குப் பல வருஷங்களாகப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறது.

மதுரையை விட்டுத் தெற்கே இறங்கினால் ஊருக்கு ஒரு தின்பண்டம். மேற்கே கொஞ்சம் விலகினால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. நேரே போனால் சாத்தூர் காராச்சேவு, கோவில்பட்டி கடலை மிட்டாய், கடம்பூர் ரயில் நிலையத்துப் போளி, திருநெல்வேலி அல்வா. கடல் பக்கம் திரும்பினால் தூத்துக்குடி மக்ரூன், உடன்குடிக் கருப்பட்டி, முதலூர் மஸ்கோத் அல்வா. இந்த ஊர்களில் வேறு பலகாரம் போடத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. ஆனாலும் ஒவ்வோர் ஊரும் ஒரே ஒரு பண்டத்தைப் பிடித்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்பச் செய்து, அதற்கே பேர் வாங்கியது.

உணவுப் பதிவுகளின் உலகத்தில் இன்றைக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். பிரபலமான பிரியாணிக் கடை ஒன்று திறந்தால் அதே வாரத்தில் அதே அண்டாவை இருபது பேர் படம் பிடிக்கிறார்கள். மூடியைத் திறக்கும்போது எழும் ஆவியும், கறித்துண்டைப் பிய்த்துக் காட்டும் கையும், “வேற லெவல்” என்கிற தீர்ப்பும் எல்லாவற்றிலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. இருபதில் எதைப் பார்த்தோம் என்று மறுநாள் பார்த்தவருக்கே நினைவில்லை. எல்லாரும் எல்லாவற்றையும் சொன்னால், யாரிடம் எதைக் கேட்பது?

ஒரே பண்டம், எண்பது வருஷம்

கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் கதையிலிருந்து தொடங்கலாம். முன்பெல்லாம் கோயில் திருவிழாக் காலங்களில் கருப்பட்டிப் பாகில் நிலக்கடலையைப் போட்டு இந்த மிட்டாயைச் செய்தார்கள். 1940-களில் இந்த ஊரில் மளிகைக் கடை வைத்திருந்த பொன்னம்பல நாடார் அதை வெல்லப் பாகுக்கு மாற்றி, அன்றாட வியாபாரமாக்கினார் என்பது பதிவான வரலாறு.

செய்முறை எளிமையாகத் தோன்றும். கடலையை வறுத்துத் தோல் நீக்கி உடைக்க வேண்டும். வெல்லத்தைக் காய்ச்சிப் பாகாக்க வேண்டும். இரண்டையும் கிளறிப் பலகையில் கொட்டி, கட்டையால் உருட்டிச் சமன் செய்து, சூடு ஆறும் முன் துண்டு போட வேண்டும். மேலே நிறமேற்றிய தேங்காய்ப்பூ. சூட்சுமம் எல்லாம் பாகில் இருக்கிறது. இளம்பாகாக இறக்கினால் மிட்டாய் பல்லில் ஒட்டும். முற்றவிட்டால் கசக்கும். தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்துப் பதம் சொல்ல அனுபவப்பட்ட கை வேண்டும்.

இந்தப் பண்டத்துக்குப் புவிசார் குறியீடு கேட்டு, உற்பத்தியாளர் சங்கம் 2014-இல் விண்ணப்பித்தது. 2020 ஏப்ரல் 30-ஆம் தேதி குறியீடு கிடைத்தது. இடைப்பட்ட ஆறு வருஷங்களில் நடந்ததைத்தான் உணவு எழுத வருகிறவர்கள் கவனிக்க வேண்டும். “எங்கள் ஊர் மிட்டாய் ருசியானது” என்று எழுதிக் கொடுத்தால் புவிசார் குறியீடு கிடைப்பதில்லை. எந்த மண்ணில் விளைந்த கடலை, என்ன வெல்லம், எந்தத் தண்ணீர், எப்படிக் காய்ச்சுவது, எந்த ஊர் எல்லைக்குள் செய்தால் இந்தப் பெயரைச் சொல்லலாம், எத்தனை காலமாகச் செய்கிறார்கள், அதற்கு என்ன ஆதாரம் என்று ஒவ்வொன்றாக எழுதியாக வேண்டும். கரிசல் மண்ணின் கடலையும் தாமிரபரணித் தண்ணீரும் அந்த விண்ணப்பத்தில் இடம்பெற்றது அப்படித்தான்.

ஓர் உணவைப் பற்றி எழுதும் எவரும் தனக்குத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகளும் இவைதான்.

ஊர்ப் பேரோடு வந்தவர்கள்

புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில் வயல் வேலை இல்லாத மாதங்களில் என்ன செய்வது என்று யோசித்த உறவினர்கள் சிலர் 2018-இல் யூடியூப் பக்கம் வந்தார்கள். பெரியதம்பித் தாத்தாவும் அவருடைய பேரன்மாரும் சேர்ந்து தொடங்கிய ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ அது. ஸ்டுடியோ இல்லை. வயல்வெளி, விறகடுப்பு, அம்மி, பெரிய அண்டா, நூறு பேருக்குச் சமைத்து ஆதரவற்றோருக்கும் முதியோருக்கும் பரிமாறுவது. இந்த வரம்பைத் தாண்டி அவர்கள் போகவே இல்லை. 2021 ஜனவரியில் ராகுல் காந்தி வந்து அவர்களோடு காளான் பிரியாணி சாப்பிட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. அதே வருஷம் ஜூலையில் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல் ஆனது. கொரோனா நிவாரணத்துக்காக முதல்வர் நிதிக்குப் பத்து லட்சம் ரூபாய் கொடுத்தார்கள்.

அதற்கும் முன்னால், 2016-இல் ஆந்திராவில் மஸ்தானம்மா என்ற மூதாட்டியின் சமையலை அவருடைய கொள்ளுப்பேரன் படமாக்கத் தொடங்கினார். நூறு வயதைக் கடந்தவர் என்று சொல்லப்பட்ட அந்தப் பாட்டி, திறந்தவெளியில் உட்கார்ந்து தர்பூசணிக்குள் கோழிக்கறியை வேகவைத்ததை உலகமே பார்த்தது. 2018 டிசம்பரில் அவர் மறைந்தபோது வெளிநாட்டுப் பத்திரிகைகளும் செய்தி வெளியிட்டன.

எழுத்திலும் இதே கதைதான். நியூயார்க்கில் குமாஸ்தா வேலை பார்த்துக்கொண்டிருந்த ஜூலி பவல் 2002-இல் தனக்கு ஒரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார். ஜூலியா சைல்ட் எழுதிய பிரெஞ்சுச் சமையல் நூலில் உள்ள 524 குறிப்புகளையும் 365 நாளில் சமைத்து எழுதுவது என்பது அந்தக் கட்டுப்பாடு. ஒரு புத்தகம், ஒரு வருஷம், ஒரு சின்னச் சமையலறை. அது 2005-இல் நூலாகவும் 2009-இல் திரைப்படமாகவும் ஆனது. கோயம்புத்தூரிலிருந்து எழுதும் சுகுணா வினோத் ‘கண்ணம்மா குக்ஸ்’ தளத்தில் கொங்குச் சமையலுக்கு ஒரு நிலையான இடம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். செட்டிநாட்டுச் சமையலுக்குக் காரைக்குடியின் ‘பங்களா’ விருந்தினர் இல்லமும், அதன் சமையலை வைத்து வந்த புத்தகமும் இருக்கின்றன.

கரிசல்காரர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியவர் அமெரிக்காவின் மைக்கேல் ட்விட்டி. பருத்திக் காடுகளில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மூதாதையர் என்ன சமைத்தார்கள் என்பதுதான் அவருடைய தேடல். பழைய பண்ணைகளுக்கே போய், அந்தக் காலத்து அடுப்பில் சமைத்துப் பார்த்தார். பருத்தி எடுத்துப் பார்த்தார். தன் குடும்ப வரலாற்றையும் சமையலையும் பின்னி அவர் எழுதிய நூல் 2017-இல் வந்தது. மறுவருஷம் அமெரிக்காவில் உணவு எழுத்துக்கான ஜேம்ஸ் பியர்டு விருதுகளில் ஆண்டின் சிறந்த நூல் என்ற பெருமையைப் பெற்றது.

பருத்திக்காடு கோவில்பட்டியிலும் இருக்கிறது.

கரிசலின் அடுப்பு

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர், ஓட்டப்பிடாரம், சாத்தூர், அருப்புக்கோட்டை என்று விரிந்து கிடக்கும் இந்த வானம் பார்த்த பூமியில் ஆண்டு மழை சுமார் 700 மில்லிமீட்டர்தான். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் விழுந்துவிடும். கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் மண், மழை பெய்ததும் ஊறி, வெடிப்பை மூடி, ஈரத்தை உள்ளே பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த ஈரம் இருக்கும் சில மாதங்களில்தான் வெள்ளாமை. புரட்டாசிக் கடைசியில், மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதையைப் போட்டுவிட்டு மேகத்தைப் பார்த்திருப்பது இந்தச் சம்சாரிகளின் வழக்கம். 1901-இல் தொடங்கிய கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் அந்த முன்பருவ விதைப்பைத்தான் பரிந்துரைக்கிறது.

இந்த ஒற்றை மழைக்காலம்தான் கரிசலின் அடுப்பைத் தீர்மானித்தது. கம்பு, சோளம், குதிரைவாலி, காடைக்கண்ணி, உளுந்து, பாசிப்பயறு, மொச்சை. நெல்லுச்சோறு நல்ல நாளுக்கும் பெரிய நாளுக்கும் மட்டும். மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச் சோறு. கம்பைக் குத்திப் புடைத்துக் கொழியலாக்கிக் காய்ச்சி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் காட்டு வேலைக்கு மோரும் சின்ன வெங்காயமும் போதும். வயசுக்கு வந்த பெண்ணுக்கு உளுந்தங்களி, அதில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும். மழை ஓய்ந்தபின் வரப்போகும் வறண்ட மாதங்களுக்காகச் சுக்கங்காயும் சீனியவரையும் கத்தரியும் உப்புப் போட்டு வெயிலில் காய்ந்து வத்தலாகும்.

பிறகு அதலைக்காய். பாகற்காயின் சொந்தக்காரனான இந்தச் சின்னக் காய்க்குத் தாவரவியல் பெயர் மொமார்டிகா சிம்பலேரியா. யாரும் விதைப்பதில்லை. கரிசல் மண்ணுக்குள் கிழங்காகக் கிடந்து, மழை விழுந்ததும் தானாக முளைத்து, கொடி வீசிக் காய்க்கும். ஐப்பசியில் தொடங்கி மார்கழி, தை வரை சந்தைகளில் கூறு கட்டி விற்பார்கள். பறித்த காயைச் சீக்கிரம் சமைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் வெடித்து விதை தெறித்துவிடும். காம்பையும் வாலையும் கிள்ளி, எண்ணெயில் வதக்கி, புளி விட்டுச் சுண்டவைப்பது ஒரு பக்குவம். வறுத்த கடலைப் பொடி தூவிப் பொரியலாக்குவது இன்னொரு பக்குவம். கசப்பு இருக்கும், பாகலின் அளவுக்கு இருக்காது. பல்லில் விதை நறுக்கென்று கடிபடும்.

சென்னையின் பெரிய காய்கறி அங்காடிகளில் இதைத் தேடினால் கிடைப்பது அரிது. விளையும் இடமும் காலமும் இவ்வளவு குறுகலாக இருப்பதுதான் எழுதுகிறவருக்குப் பலம். அதலைக்காயைப் பற்றி விளாத்திகுளத்தில் இருந்துகொண்டு கார்த்திகை மாதத்தில் எழுதுகிறவருக்கு, வேறெங்கோ உட்கார்ந்து எழுதும் எவரும் போட்டி கிடையாது.

பருத்திப்பாலும் அப்படித்தான். பருத்திக் கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, அரிசி மாவு கரைத்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சும் இந்தப் பானத்தை மதுரைத் தெருக்களில் தள்ளுவண்டிகளில் பார்க்கலாம். பருத்தி விளையும் சீமையில்தான் இப்படி ஒன்று தோன்றியிருக்க முடியும். பழைய கருங்கண்ணிப் பருத்தியிலிருந்து இன்றைய ஒட்டு ரகங்கள் வரை கொட்டை மாறியிருக்கிறது. விதைப்புக்காக மருந்து கலந்து விற்கும் கொட்டையைச் சமையலுக்குத் தொடவே கூடாது. ஒரு கோப்பைப் பருத்திப்பாலைப் பற்றி முழுசாக எழுதப் புகுந்தால், பருத்தியின் நூறு வருஷத்து வரலாற்றையும் எழுதியாக வேண்டும். அப்படி எழுதுகிறவரை வாசகர் மறக்க மாட்டார்.

முன்னே போன கை

இந்த வட்டாரத்தில் அந்த வேலையை ஒருவர் ஏற்கெனவே செய்துகாட்டியிருக்கிறார். கோவில்பட்டிக்குத் தெற்கே இடைசெவலில் பிறந்த கி.ராஜநாராயணன். பள்ளிப் படிப்பை முடிக்காத சம்சாரி. கரிசல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி தொகுத்தார். ஜூனியர் விகடனில் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ எழுதினார். புதுவைப் பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பேராசிரியராக இருந்தார். ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991-இல் சாகித்ய அகாடமி விருது கிடைத்தது. 2021 மே 17-இல் புதுச்சேரியில் மறைந்தவரை இடைசெவலுக்குக் கொண்டுவந்து அரசு மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

கி.ரா. சமையல் நூல் ஆசிரியர் அல்லர். ஆனால் உணவு எழுத வருகிறவர்களுக்கு அவருடைய வேலைமுறையைவிடச் சிறந்த பாடநூல் இல்லை. ஊர்க்காரர்கள் சொன்னதைச் சொன்னபடி வாங்கிக்கொண்டார். கருவிக்கும் பயிருக்கும் காற்றுக்கும் ஊரில் என்ன பேரோ அந்தப் பேரையே எழுதினார். தன் வட்டாரத்தைச் சுற்றி ஒரு கோடு கிழித்துக்கொண்டு, வாழ்நாள் முழுக்க அதற்குள்ளேயே தோண்டினார். அதே இடைசெவலின் கு.அழகிரிசாமி, கோவில்பட்டிப் பக்கத்துப் பூமணி, உருளைக்குடி சோ.தர்மன் என்று சாகித்ய அகாடமி விருது பெற்றவர்கள் ஒரு சின்னப் பேருந்துப் பயண தூரத்துக்குள் இத்தனை பேர் இருக்கிறார்கள். இந்த மண்ணின் கண்மாயையும் கலவரத்தையும் காதலையும் எழுத்து பார்த்துவிட்டது. அடுப்புக்குத்தான் இன்னும் முழுசாகத் திரும்பவில்லை.

அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கம்மங்கஞ்சி வெகு காலம் ஏழ்மையின் அடையாளமாக இருந்தது. ரேஷன் அரிசி வந்தபின் வெள்ளைச் சோறு உண்பது கௌரவமானது. பழையதைச் சொல்லவே கூச்சப்பட்டார்கள். காடுகளிலும் கம்பும் சோளமும் சுருங்கி மக்காச்சோளம் பரவியது. பிறகு காற்று திசை மாறியது. ஐக்கிய நாடுகள் சபை 2023-ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்து ஓட்டல்களில் குதிரைவாலிப் பொங்கல் வந்தது. கூச்சப்பட்டு மறைத்த உணவு விலையேறித் திரும்பியபோது, அதைக் காப்பாற்றி வைத்திருந்த கிராமத்துப் பெண்களின் பேர் மட்டும் எந்த உணவுப் பட்டியலிலும் இல்லை. புதிதாக எழுத வருகிறவர் இந்தக் குறையைத் தீர்க்கலாம். குறிப்பு யாரிடம் கேட்டது, எந்த ஊர் என்பதை அவருடைய சம்மதத்தோடு எழுதலாம். படமெடுத்து வருமானம் வந்தால் சமைத்தவருக்குப் பங்கு கொடுக்கலாம்.

வரும்படியும் பொறுப்பும்

இதில் பிழைக்க முடியுமா என்பது நியாயமான கேள்வி. யூடியூபில் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்க 1,000 சந்தாதாரர்களும், பன்னிரண்டு மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். அல்லது ‘ஷார்ட்ஸ்’ குறுங்காணொளிகளுக்கு 90 நாளில் ஒரு கோடி பார்வை. அதைத் தாண்டினாலும் ஆரம்பத்தில் வரும் பணம் சொற்பம். ஆகவே பலரும் கடைக்காரர்களிடம் காசு வாங்கிக்கொண்டு புகழ்கிறார்கள். சறுக்கல் தொடங்கும் இடம் இதுதான்.

காசு வாங்கினால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் குழு 2021-இலேயே வழிகாட்டுதல் கொண்டுவந்தது. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறையும் அதை வலியுறுத்தியது. இலவசச் சாப்பாடும் இலவசத் தங்கலும்கூட இந்தக் கணக்கில் வரும். தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம். திரும்பச் செய்தால் ஐம்பது லட்சம் வரை.

சிறுதானியம், மூலிகை, காட்டுக்காய் பக்கம் வருகிறவர்களுக்கு இன்னொரு வலையும் இருக்கிறது. அதலைக்காய் சர்க்கரை நோயை விரட்டும், குதிரைவாலி புற்றுநோயைத் தீர்க்கும் என்று தலைப்பு வைத்தால் பார்வை குவியும். நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று உணவுப் பொருளை விளம்பரம் செய்வதை 2018-இல் வந்த உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிகள் தடுக்கின்றன. சட்டத்தை விடுங்கள். அந்தத் தலைப்பை நம்பி மாத்திரையை நிறுத்தும் ஒருவர் எங்கோ இருக்கிறார். பாட்டி சொன்னதைப் பாட்டி சொன்னதாக எழுதலாம். மருத்துவத்தை மருத்துவருக்கு விட வேண்டும்.

எழுத்தோடு கூடவே வத்தலும் பொடியும் விற்கும் எண்ணம் உள்ளவர்கள் முதலில் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். வீட்டு அடுப்பில் செய்து விற்றாலும் இது பொருந்தும்.

ஒரு பட்டம் முழுக்க

கரிசலில் எழுத வருகிறவருக்குப் பாடத்திட்டத்தை வெள்ளாமையே வகுத்துக் கொடுக்கிறது. புரட்டாசியில் விதைப்பு, எந்த வீட்டில் என்ன விதை சேர்த்துவைத்திருக்கிறார்கள் என்று கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் அதலைக்காயும் காட்டுக் கீரைகளும். மார்கழி, தையில் உளுந்து, பாசிப்பயறு அறுப்பு. பச்சைப் பயற்றை அவித்துத் தின்னும் காலம். தை பிறந்தால் கம்பும் சோளமும் களத்துக்கு வரும். மாசி, பங்குனியில் விளாத்திகுளம் பக்கத்து முண்டு மிளகாய் வத்தல் களங்களில் சிவப்பாகக் காயும், பருத்தியும் வெடிக்கும். கோடையில் பதனீரும் கருப்பட்டியும். அதே வெயிலில் மாடியிலும் முற்றத்திலும் வத்தல் போடும் வேலை. மாதம் இரண்டு பண்டம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு வருஷத்துக்கு இருபத்துநான்கு கட்டுரை. ஒவ்வொன்றிலும் ஊர், மாதம், படிக்கணக்கில் அளவு, சொன்னவர் பேர், பக்கத்து ஊரில் அது எப்படி மாறுகிறது என்ற ஐந்தும் இருந்தால், சில வருஷத்தில் அது கரிசல் சமையலின் ஆவணமாக நிற்கும்.

வேலை அவசரமானது. சோளத்தை உரலில் குத்திச் சோறாக்கிய பெண்களில் பெரும்பாலோருக்கு இன்று எழுபது வயதுக்கு மேல். அவர்களிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. இருங்குச் சோளத்துக்கும் வெள்ளைச் சோளத்துக்கும் தண்ணீர் அளவு எப்படி வேறுபடும்? சுக்கங்காயை எத்தனை வெயிலில் காயவைத்தால் பூஞ்சை பிடிக்காது? உளுந்தங்களிக்கு உளுந்தைத் தோலோடு வறுத்தார்களா, தோல் நீக்கி வறுத்தார்களா? பஞ்ச காலத்தில் எந்தக் கீரையைப் பறித்தார்கள், எதைப் பறிக்கக் கூடாது என்று ஒதுக்கினார்கள்? காடைக்கண்ணியை அவர்கள் ஊரில் கடைசியாக விதைத்தது எந்த வருஷம், அந்த விதை இப்போது யார் வீட்டில் இருக்கிறது?